ஒரு பக்கக் குரல் நாண் செயலிழந்தால் என்ன செய்யலாம்: முதல் வாரத்திலிருந்து தைரோபிளாஸ்டி ஆபரேஷன் வரை முழுமையான வழிகாட்டி

தைராய்டு ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், போனில் பேசிய பெரியம்மா "சிக்னல் சரியில்லடி, வெளிய வந்து பேசு" என்றார். அம்மா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று மாலை காபியில் புரையேறியது, மறுநாள் ரசத்தில், அடுத்த வாரம் வெறும் தண்ணீருக்கே புரையேறிக் கண்ணெல்லாம் நீர் கோத்துவிட்டது. இருபது வருடமாக டிபன் கடை நடத்துகிறவர், அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டே வாசலில் நிற்கிற ஆளிடம் "உனக்கு என்னப்பா?" என்று கேட்கிற குரல் அது. அந்தக் குரல் வெறும் காற்றாகிப் போனது. ஆபரேஷன் செய்த இடத்தில் போய்க் கேட்டால், "மயக்கத்துக்கு ட்யூப் போட்டதால் வீக்கம், தானாகச் சரியாகிவிடும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் அப்படியே ஓடியது. ஏழாவது வாரம் வேறொரு ஈஎன்டி டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வலது பக்க நாண் கதவு மாதிரி திறந்து மூடுகிறது. இடது பக்கம் அசையவே இல்லை.

தானாகச் சரியாகலாம் என்று அவர்கள் சொன்னதில் தப்பில்லை, நிறைய பேருக்கு அப்படி ஆகிறது. ஆனால் நாணை அசைக்கிற நரம்பு மறுபடி வேலை செய்வதற்காகக் காத்திருப்பது வேறு, அதுவரை ஒன்றும் செய்யாமல் கிடப்பது வேறு. அந்த ஆறு வாரத்தில் அம்மாவுக்குக் குடிக்க ஒரு பாதுகாப்பான வழி சொல்லியிருக்கலாம், பேச ஒரு வழி சொல்லியிருக்கலாம். நான் டாக்டர் இல்லை. கடந்த மூன்று வருடத்தில் டாக்டர்களிடமும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, எது முதலில் எது பிறகு என்ற வரிசையில் எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் கழுத்தில் கையை வைத்தால் தட்டுப்படுகிற குருத்தெலும்புப் பெட்டிக்குள் இரண்டு குரல் நாண்கள் 'V' எழுத்தைப் போல இருக்கின்றன. மூச்சு விடும்போது திறக்கும், பேசும்போதும் விழுங்கும்போதும் மூடும். பெண்களுக்குப் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 தடவை அதிரும். இவற்றை அசைக்கிற நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை, நெஞ்சு வரை இறங்கி வளைந்து மறுபடி மேலே ஏறுகிறது. வலது பக்க நரம்பு கழுத்தடியிலேயே திரும்பிவிடும். இடது பக்கத்து நரம்பு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அது போகிற தூரம் அதிகம், அதனால் அடிபட வாய்ப்பும் அதிகம். மேலே ஏறும் வழியில் தைராய்டுக்குப் பின்பக்கத்தை ஒட்டியே போவதால்தான் தைராய்டு ஆபரேஷனில் அது இழுபடுகிறது, நசுங்குகிறது, சிலசமயம் வெட்டுப்பட்டும் போகிறது. நல்ல கை தேர்ந்த இடத்திலும் நூற்றில் ஓரிருவருக்கு நிரந்தர பாதிப்பு வரலாம், தற்காலிக பாதிப்பு அதைவிட அதிகம்.

ஒரு நாண் நடுவுக்கு வராமல் நின்றுவிட்டால் இடையில் சந்து விழும். அந்தச் சந்து வழியாகப் பேசும்போது காற்று வீணாகும், விழுங்கும்போது தண்ணீர் உள்ளே போகும். இன்னொன்றும் இருக்கிறது, இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. கனமான பொருளைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சை அடக்கித்தான் தூக்குகிறோம், அப்படி அடக்குவதே இந்த நாண்கள்தான். அம்மாவால் மாவுத் தூக்கைத் தூக்க முடியாமல் போனது. கையில் பலமில்லை என்று நினைத்து நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். இருமலில் வலு இல்லாதது, மலம் கழிக்கும்போது முக்க முடியாதது, நாலு வரி பேசினாலே மூச்சு வாங்குவது, எல்லாம் இதே சந்தின் வேலை.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரியோ கொர்ரென்றோ சத்தம் வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், அது இரண்டு பக்க நாணும் பாதிக்கப்பட்டதாக இருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். புரையேறுவதோடு காய்ச்சல், சளி, நெஞ்சு வலி சேர்ந்தால் தண்ணீரோ சாப்பாடோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருக்கலாம். வயதானவர்கள் சிலருக்கு இருமல்கூட வராமல் தண்ணீர் உள்ளே இறங்கும். குடித்து முடித்ததும் குரல் சளி கட்டினாற்போல் 'கொளகொள'வென்று கேட்கிறதா என்று கவனியுங்கள்.

படி 1: கேமரா வைத்துப் பாருங்கள்

காரணம் தெரியாத குரல் மாற்றம் நாலு வாரத்தைத் தாண்டினால் குரல்வளையை நேரில் பார்த்தே ஆக வேண்டும். கழுத்திலோ நெஞ்சிலோ ஆபரேஷன் முடிந்த பிறகு வந்த மாற்றம் என்றால் நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புகை பிடிக்கிறவர்கள், கழுத்தில் கட்டி இருக்கிறவர்கள், எடை குறைந்துகொண்டே போகிறவர்களும் அப்படித்தான். பார்க்காமலே ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு என்று மாற்றி மாற்றி எழுதினால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், "லாரிங்கோஸ்கோப்பி பண்ணலாமா டாக்டர்?" என்று நேரடியாகக் கேளுங்கள். மூக்கில் மரத்துப் போகிற மருந்து அடித்து மெல்லிய ஒயர் போன்ற கேமராவை விடுவார்கள். வலி பெரிதாக இல்லை, ஒரு மாதிரி கூச்சமாக இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி இருக்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் நாண் அதிர்வது மெதுவாக ஓடுவதுபோல் தெரியும், சந்து எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்கலாம். வீடியோவைக் கேட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஓர் அளவு உண்டு. நன்றாக மூச்சிழுத்து 'ஆ' என்று ஒரே சீராக எத்தனை நொடி பிடிக்க முடிகிறது என்று போனில் நேரம் பாருங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாக 15 நொடிக்கு மேல் வரும், 10க்குக் கீழே போனால் சரியில்லை. அம்மாவுக்கு அன்று 4. அடுப்படிக் காலண்டரில் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணை எழுதிவந்தோம், பிறகு எல்லா டாக்டரும் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்தக் காலண்டரைத்தான்.

படி 2: காரணத்தைத் தேடுங்கள்

ஆபரேஷன் முடிந்த கையோடு வந்தது என்றால் காரணம் கண்முன்னே இருக்கிறது. தைராய்டு மட்டுமில்லை, இதய ஆபரேஷன், கழுத்து முதுகெலும்பு ஆபரேஷன், மயக்க மருந்துக்காக வைக்கும் குழாய், எல்லாவற்றிலும் இது நடக்கும். எந்த ஆபரேஷனும் இல்லாமல் ஒருநாள் குரல் போயிருந்தால் கபாலத்தின் அடியிலிருந்து நெஞ்சு வரை அந்த நரம்பு போகிற வழி முழுக்க சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 'தொண்டைக்கு எதற்கு நெஞ்சு ஸ்கேன்' என்று தட்டிக்கழிக்காதீர்கள். நுரையீரல் புற்றுநோயோ, நெஞ்சுக்குள் வீங்கிய நெறிக்கட்டியோ முதன்முதலில் தலைகாட்டுவது சிலருக்குக் குரல் வழியாகத்தான். நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, இதயத்தின் இடது மேலறை பெருத்து நரம்பை நெரிப்பதும் உண்டு. ஆர்ட்னர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1897லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவும் பார்த்து ஒன்றும் கிடைக்காத ஆட்களும் உண்டு, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நரம்பு சோர்ந்திருக்கலாம் என்பார்கள்.

படி 3: குரலுக்கு முன்னால் விழுங்குவதைச் சரிசெய்யுங்கள்

எல்லோருக்கும் குரல் மேல்தான் கவலை. ஆனால் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் அம்மாவை உட்காரவைத்து, நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, முகத்தை இடது பக்கம், அதாவது செயலிழந்த பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்கச் சொன்னார். புரையேறவில்லை. இரண்டு மாதத்தில் அம்மா பயமில்லாமல் குடித்த முதல் தண்ணீர் அதுதான். அந்தப் பக்கம் திருப்பும்போது பழுதான பக்க வழி அடைபட்டு, தண்ணீர் நல்ல பக்கமாக இறங்குகிறதாம். எல்லோருக்கும் இதே கோணம் ஒத்துவராது, கேமரா வைத்து விழுங்கச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் படித்ததை வைத்து நீங்களாகச் செய்ய வேண்டாம். பொதுவாகத் தண்ணீர், மோர், ரசம் மாதிரி மெல்லியவைதான் தொல்லை, கூழ், கஞ்சி, கெட்டித் தயிர் எளிது. அண்ணாந்து குடிக்கிற பழக்கத்தை விட வேண்டும், செம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது. சாப்பிடும்போது பேசக் கூடாது, டிவி வேண்டாம்.

சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. அறுபட்ட நரம்புக்கு அவை போய்ச் சேராது. அதோடு சூரணத்தை வாயில் போட்டால் அந்தத் தூளே மூச்சுக்குழாயில் இறங்கும், புரையேறுகிறவர்களுக்குத் தூள் வேண்டவே வேண்டாம். சத்து மாத்திரைக்கும் நரம்பைத் திருப்பிக் கொண்டுவருகிற சக்தி இருப்பதாக உறுதியான ஆதாரம் கிடையாது.

படி 4: நாள் கணக்கு

நரம்பு முழுசாக இருந்து நசுங்கியோ இழுபட்டோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும், ஒரு வருடம் வரை வாய்ப்பு இருக்கிறது. அதனால் நிரந்தர ஆபரேஷனைப் பொதுவாக 9 முதல் 12 மாதம் வரை தள்ளிவைக்கிறார்கள். ஆபரேஷனில் நரம்பு வெட்டுப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தக் காத்திருப்புக்கு அர்த்தமில்லை. ஆகவே ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள், 'இடது நரம்பு பார்க்கப்பட்டது, காப்பாற்றப்பட்டது' என்று இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது அடுத்த டாக்டருக்குப் பெரிய தகவல். தசையில் மெல்லிய ஊசி வைத்து மின்னோட்டம் பார்க்கிற ஈஎம்ஜி சோதனை, நரம்பு திரும்புகிற அறிகுறி உண்டா என்று ஓரளவு சொல்லும். பாதிப்பு வந்து ஒரு மாதம் கழித்து, ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் அதில் பலன், அதைச் செய்கிற இடங்களும் குறைவு.

படி 5: ஸ்பீச் தெரபி

தெரபி நரம்பை எழுப்பாது என்பதைத் தெரபிஸ்டே முதல் நாள் சொல்லிவிட்டார். பிறகு எதற்கு? நாண் மூடாதபோது நாம் கழுத்தையும் தோளையும் இறுக்கி, நாணுக்கு மேலே இருக்கிற சதைகளை நெரித்துப் பேசப் பழகிவிடுகிறோம். பிறகு நரம்பே திரும்பினாலும் அந்தக் கெட்ட பழக்கம் போகாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று குரலோடு குமிழி விடுவது, உதட்டை மூடி 'ம்ம்' என்று ரீங்கரிப்பது, வயிற்று மூச்சு, குறைந்த காற்றில் சின்னச் சின்னத் தொடராகப் பேசுவது, இவைதான் பயிற்சி. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். சுவரைத் தள்ளிக்கொண்டே 'ஆ' என்று கத்துகிற பழைய பயிற்சியை யாராவது சொன்னால் கேட்டுத் தெளிந்துகொண்டு செய்யுங்கள், அது இறுக்கத்தைக் கூட்டிவிடலாம். கிசுகிசுப்பாகப் பேசுவதும் ஓய்வு ஆகாது. சந்து சின்னதாக இருந்தால், நல்ல நாண் கொஞ்சம் எட்டி வந்து ஈடுகட்டப் பழகி, தெரபியோடு முடிந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைக்கு அம்மா ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டார், தட்டினால் பையன் திரும்பிப் பார்ப்பான். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். குரல் போனவர் கூப்பிட முடியாமல் நாள் முழுக்க அவமானப்படுகிறார், போனை எடுப்பதையே விட்டுவிடுகிறார்.

படி 6: காத்திருக்கும் காலத்துக்கு ஓர் ஊசி

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். செயலிழந்த நாணுக்குள் ஒரு ஜெல்லைச் செலுத்தி அதைப் பருக்க வைத்து நடுவுக்குத் தள்ளலாம், அப்போது நல்ல நாண் வந்து அதைத் தொடும், சந்து அடைபடும். கொஞ்ச காலம் கழித்து ஜெல் கரைந்துவிடும், அதற்குள் நரம்பு திரும்பினால் ஒரு தொந்தரவும் இல்லை. 1911லேயே பாரஃபினை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1960களில் டெஃப்ளான் பேஸ்ட் வந்தது, அது உள்ளே கட்டி கட்டியாக அழற்சியை உண்டாக்கியதால் கைவிட்டார்கள். இன்று இருப்பவை வேறு: ஜெல்ஃபோம் சில வாரம் நிற்கும், கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் இரண்டு மூன்று மாதம், ஹயலுரானிக் அமிலம் ஏறத்தாழ மூன்று முதல் ஆறு மாதம், கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் ஒரு வருடத்துக்கு மேல். நம் வயிற்றுக் கொழுப்பையே எடுத்துப் போடுவதும் உண்டு, அதில் எவ்வளவு கரையும் எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நரம்பு திரும்ப வாய்ப்பிருக்கும்போது சீக்கிரம் கரைவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு விதமாகச் செய்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்து வாய் வழியாக, அல்லது விழித்திருக்கும்போதே மூக்கில் கேமரா, கழுத்தில் மரப்பு ஊசி போட்டு வெளியிலிருந்து. அம்மாவுக்கு இரண்டாவது விதம், ஹயலுரானிக் அமிலம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, "விழுங்காதீங்கம்மா, இருமாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் செலுத்தினார். திரையில் அந்த நாண் மெல்லப் பருத்து நடுவுக்கு வந்ததை நான் நின்று பார்த்தேன். "பேர் சொல்லுங்க" என்றார். அம்மா பேரைச் சொன்னார். குரல் கொஞ்சம் இறுக்கமாக, கரகரப்பாக இருந்தது, ஆனால் குரல். 'ஆ' 4 நொடியிலிருந்து 11 ஆனது. இரண்டு மணி நேரம் மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது, அன்று அதிகம் பேசக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சீக்கிரமே இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பின்னால் நிரந்தர ஆபரேஷன் தேவைப்படுவது குறைகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன, நாண் நடுவில் நின்ற நிலையிலேயே நரம்பு ஓரளவு துளிர்ப்பதால் இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே 'ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால், "சரி டாக்டர், அதுவரைக்கும் தற்காலிக ஊசி போடலாமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை எனக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

படி 7: ஒரு வருடம் ஆகியும் அசைவில்லை என்றால்

அம்மாவுக்கு ஐந்தாம் மாதத்தில் ஜெல் கரைந்து குரல் மறுபடி இறங்கியது, ஆனால் தெரபி செய்திருந்ததால் பழைய மோசத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் மாதக் கேமராவிலும் அசைவில்லை. பதின்மூன்றாம் மாதம் தைரோபிளாஸ்டி. பெயரைப் பார்த்துத் தைராய்டில் மறுபடி கைவைப்பார்கள் என்று பயந்துவிட்டார். தைராய்டு சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தைராய்டு குருத்தெலும்பு என்று குரல்வளைப் பெட்டிக்குப் பெயர். அந்தப் பெட்டியில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அது வழியாகச் சிலிக்கோன் துண்டையோ கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பட்டையையோ செருகி நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளுகிறார்கள். ஜப்பானில் நொபுஹிகோ இஷிகி 1974ல் வகைப்படுத்திக் கொடுத்த முறை, இன்றும் நிரந்தரத் தீர்வு என்றால் முதலில் சொல்வது இதைத்தான்.

இதில் நோயாளி முழுசாகத் தூங்குவதில்லை. பாதி மயக்கம், கழுத்தில் மரப்பு, துண்டைச் செருகும்போது எழுப்பிப் பேசச் சொல்வார்கள், குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் துண்டின் அளவைச் செதுக்குகிறார்கள். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னதற்கு அம்மா "ரெண்டு இட்லி, ஒரு வடை, பார்சலா, இங்கயா?" என்று கேட்டாராம், நர்ஸ் வெளியே வந்து சொன்னார். மறுநாள் குரல் மறுபடி கரகரத்துப் போனதும் நாங்கள் ஆடிப்போய்விட்டோம். அது வீக்கம், ஓரிரு வாரத்தில் வடிந்து பிறகு தெளியும் என்பதை முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீக்கத்தாலோ ரத்தக் கசிவாலோ மூச்சு அடைக்கலாம் என்பதற்காக ஒரு இரவாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பார்கள். அபூர்வமாக அந்தத் துண்டு நகரலாம், அப்போது எடுத்துவிட்டு வேறு வைக்க முடியும்.

நாண்களின் பின்பகுதியில் பெரிய சந்து இருந்தாலோ, இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தாலோ, நாணைப் பிடித்திருக்கிற சின்னக் குருத்தெலும்பையும் தையல் போட்டுத் திருப்பி வைப்பார்கள். கொஞ்சம் கடினமான வேலை, அனுபவம் உள்ளவர் வேண்டும்.

இன்னொரு வழி நரம்பை நரம்போடு இணைப்பது. கழுத்துத் தசைக்குப் போகிற ஒரு நரம்பை எடுத்துக் குரல் நரம்போடு தைக்கிறார்கள். நாண் மறுபடி திறந்து மூடாது, ஆனால் சதை சூம்பாமல் உயிர்ப்போடு நிற்கும். பலன் தெரியப் பல மாதம் பிடிக்கும், அதுவரைக்குக் கூடவே ஒரு தற்காலிக ஊசியும் போட்டுவிடுவார்கள். 2011ல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில் 52 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது நன்றாகப் பலன் தந்தது. குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி. அறுபது தாண்டிய அம்மாவுக்குத் தைரோபிளாஸ்டிதான் சரி என்றார்கள்.

இரண்டு பக்கமும் செயலிழந்தால்

இது தனி நோய் மாதிரி, சிகிச்சையும் நேர் எதிர். அங்கே பிரச்சினை சந்து இல்லாததுதான். குரல் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கும், மூச்சுதான் போகாது. அவசரத்தில் கழுத்தில் துளையிட்டு மூச்சு விட ஒரு குழாய் வைக்க நேரலாம். பிறகு ஒரு நாணை ஓரமாக இழுத்துத் தைப்பது, லேசரால் நாணின் பின்பகுதியை வெட்டி வழி உண்டாக்குவது என்று செய்கிறார்கள். மூச்சு கூடக் கூடக் குரல் குறையும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

போகும் இடமும் செலவும்

குரலுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற ஈஎன்டி டாக்டரைத் தேடுங்கள், "வருஷத்துக்கு எத்தனை தைரோபிளாஸ்டி செய்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈஎன்டி பிரிவு இருக்கிறது, கேமரா சோதனையை அங்கேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் சிகிச்சையின் பெயரை எழுதிக் காட்டி அனுமதி கேளுங்கள். ஊசி விஷயத்தில் ஜெல்லின் விலைதான் பெரிய தொகை, எந்த ஜெல், எத்தனை மாதம் நிற்கும், விலை என்ன என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

அம்மாவின் 'ஆ' இப்போது 14 நொடி. போனில் பேசினால் யாரும் சிக்னலைக் குறை சொல்வதில்லை, தண்ணீர் சாதாரணமாகக் குடிக்கிறார், மாவுத் தூக்கைத் தூக்குகிறார். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்த மட்டும் முடியவில்லை, கோயிலில் பாடும்போது மேல் ஸ்தாயிக்குப் போவதில்லை. தட்டும் கரண்டியும் இன்னும் கடையில் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று பாக்கி. தைரோபிளாஸ்டி செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் கண்ணோ மூட்டோ வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், குரல்வளையில் துண்டு வைத்திருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் வழக்கத்தைவிட மெல்லிய குழாயைப் போடுவார். அம்மாவின் பர்ஸில் காப்பீட்டு அட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறோம்: இடது தைரோபிளாஸ்டி, சிலிக்கோன், செய்த தேதி.